நடிகையும் முதலாளியும்: பி. பானுமதி



பானுமதியைப் பற்றிக் கோடம்பாக்கத்தில் வழங்கும் கதைகளில் முக்கால்வாசி, அவர் யாரையாவது எதிர்த்துப் பேசிய கதைகள்தான். எம்.ஜி.ஆர். படத்தில் பாதியில் போய்விட்டார், தயாரிப்பாளர் சக்ரபாணியிடம் மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார், யார் சொன்னாலும் பணியமாட்டார் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். சொல்கிறவர்கள் ரசித்துத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை. அப்படிப் பேசிவிட்டு வந்தவருக்கு மறுநாளும் எப்படி வேலை இருந்தது? அந்தக் காலத்துக் கதாநாயகிகளில் வேறு யாராவது அப்படி நடந்திருந்தால் ஆறு மாதத்தில் அவர் பெயரையே மறந்திருப்பார்கள். இந்த அம்மாள் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றார். இன்றைய என் பேச்சு அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

1925 செப்டம்பர் 7 அன்று ஆந்திராவில் ஒங்கோல் பக்கம் தொட்டவரம் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பொம்மராஜு வெங்கட சுப்பையா சங்கீதப் பித்துக் கொண்டவர். மகளுக்குப் பாட்டு அவரிடமிருந்துதான் வந்தது. 1939-இல் சி. புல்லையா இயக்கிய 'வர விக்ரயம்' முதல் படம். வரதட்சணையை எதிர்த்து எழுதப்பட்ட புகழ்பெற்ற நாடகம் அது. அதில் அந்தக் கொடுமைக்கு உயிரைக் கொடுக்கும் காளிந்தி என்ற பெண்ணாக நடித்தபோது பானுமதிக்குப் பதினாலு வயதுகூட நிரம்பியிருக்காது.

மகளை அனுப்பிய அப்பா சும்மா அனுப்பவில்லை. ஆண் நடிகர் யாரும் என் பெண்ணைத் தொட்டு நடிக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களிடம் நிபந்தனை போட்டார். நமக்கு இப்போது சிரிப்பு வரலாம். சினிமாவில் நடிக்கும் பெண்களை ஊர் எப்படிப் பேசியது என்று தெரிந்தவர்களுக்கு அந்த அப்பாவின் பயம் புரியும். எனக்கு இதில் வேறொன்றுதான் முக்கியமாகப் படுகிறது. ஒப்பந்தம் என்றால் நம் பக்கத்திலிருந்தும் நிபந்தனை போடலாம் என்பதை அந்தச் சிறுமி முதல் நாளிலேயே கண்ணால் பார்த்துவிட்டாள். பிறகு அப்பா போட வேண்டிய நிபந்தனைகளை பானுமதியே போட்டுக்கொண்டார்.

1943-இல் 'கிருஷ்ண பிரேமா' படப்பிடிப்பில் உதவி இயக்குநராக இருந்த பி.எஸ். ராமகிருஷ்ண ராவைச் சந்தித்தார். காதல். அதே வருஷம் ஆகஸ்டில் கல்யாணம். நட்சத்திரமாக வளர்ந்துகொண்டிருந்த பெண் ஓர் உதவி இயக்குநரைக் கட்டிக்கொண்டு, சினிமாவும் வேண்டாம், குடும்பம் போதும் என்று ஒதுங்கினார். உண்மையாகவே ஒதுங்கினார். அவரைத் திரும்பக் கூட்டிவந்தவர் வாஹினி பி.என். ரெட்டி. 1945-இல் வந்த 'ஸ்வர்க்க சீமா' படத்தில் நாகையா கதாநாயகன். பானுமதிக்குக் கிடைத்தது, அடக்கமான மனைவி இருக்கும் ஓர் ஆணை மயக்கிக் குடும்பத்தைக் குலைக்கும் நடிகையின் வேடம். தெருவில் ஆடிப் பாடிப் பிழைத்த பெண் ஒருத்தி மேடை நட்சத்திரமாக உயர்ந்து, ஒரு மனிதனைத் தன் பின்னால் அலையவைக்கிறாள். அந்தப் படத்தில் புறாவை விளித்துப் பாடும் ஒரு பாட்டு ஆந்திர தேசத்தையே ஆட்டிவைத்தது. ஹாலிவுட்டின் 'பிளட் அண்ட் சாண்ட்' படத்தில் கேட்ட ஒரு மெட்டுத்தான் அதற்குத் தூண்டுதல் என்பார்கள். நம் ஊர்த் தொண்டையில் அந்த மெட்டு இறங்கி, இடையிடையே ஒரு கிறக்கச் சிரிப்போடு வந்தபோது ஜனங்கள் சொக்கிப்போனார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் என் கேள்விக்குப் பாதி பதில் இந்தத் தொண்டையில்தான் இருக்கிறது.

ஆரம்ப காலப் பேசும்படங்களில் பாடத் தெரியாதவர்களுக்கு இடமில்லை. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா எல்லாரும் பாடிக்கொண்டேதான் நடித்தார்கள். நாற்பதுகளின் கடைசியில் பின்னணிப் பாட்டு வேரூன்றியதும் தொழில் இரண்டாகப் பிரிந்தது. முகம் ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கு. பி. லீலா, ஜிக்கி, பி. சுசீலா என்று அருமையான குரல்கள் நமக்குக் கிடைத்தன. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நடிகையின் பக்கத்திலிருந்து பாருங்கள். குரலை இரவல் வாங்கும் முகத்துக்குப் பதில் இன்னொரு முகத்தைக் கொண்டுவருவது தயாரிப்பாளருக்குச் சுலபம். பானுமதி அந்த மாற்றத்துக்கு உட்படவில்லை. எஸ். வரலட்சுமி போல இன்னும் ஓரிருவரும் சொந்தமாகப் பாடினார்கள். ஆனால் முதல் வரிசைக் கதாநாயகியாக இருந்துகொண்டு, நடித்த பாட்டையெல்லாம் தானே பாடி, அந்தப் பாட்டுக்களை வானொலியிலும் ஓடவைத்தவர் என்று பார்த்தால் இவருக்கு ஈடு சொல்ல ஆளில்லை. அது குயில் குரல் இல்லை. கொஞ்சம் மூக்கில் ஏறும், தெலுங்கு வாடை அடிக்கும், மேலே போகும்போது உலோகம் போல் கணீரென்று ஒலிக்கும். முதல் அடி கேட்டதுமே யாரென்று தெரிந்துவிடும். அவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போட்டால் பாட்டும் சேர்ந்து போய்விடும். இது தயாரிப்பாளருக்குத் தெரியும். தயாரிப்பாளருக்குத் தெரியும் என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும்.

இரண்டாவது விஷயம் முதலீடு. கணவனும் மனைவியுமாக பரணி பிக்சர்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். பிறகு சாலிகிராமத்தில் பரணி ஸ்டுடியோவும் வந்தது. 1949-இல் 'லைலா மஜ்னு'. நாகேஸ்வர ராவ் மஜ்னு, இவர் லைலா, ராமகிருஷ்ணா இயக்கம், சி.ஆர். சுப்பராமன் இசை.

தமிழுக்கு அவர் வந்ததும் அந்தச் சமயத்தில்தான். 1948-இல் பாகவதரின் 'ராஜமுக்தி'. சிறையிலிருந்து வந்த பாகவதர் புனேயில் எடுத்த படம். அதற்கு வசனம் எழுதப் போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி அந்த வருஷமே காலமானார். எம்.ஜி.ஆர்., வி.என். ஜானகி எல்லாரும் அதில் இருந்தார்கள். படம் ஓடவில்லை. ஆனால் மறு வருஷம் 1949-ஐப் பாருங்கள். என்.எஸ். கிருஷ்ணனோடு 'நல்லதம்பி', அது அண்ணா எழுதிய முதல் படம். சின்னப்பாவோடு 'ரத்னகுமார்'. ஜெமினி வாசனின் 'அபூர்வ சகோதரர்கள்', அதில் எம்.கே. ராதாவுக்கு இரட்டை வேடம். அதே கதையைத் தெலுங்கிலும், 'நிஷான்' என்று இந்தியிலும் எடுத்தார்கள். இந்தியில் கதாநாயகனாக ரஞ்சன் வந்தார். கதாநாயகி மட்டும் மாறவில்லை, மூன்று மொழிக்கும் பானுமதிதான்.

இப்போது 'மல்லீஸ்வரி'க்கு வருகிறேன். 1951. மறுபடியும் பி.என். ரெட்டி. தெலுங்குப் படம்தானே என்று தமிழர்கள் தள்ளிவைத்துவிட்ட படம். அவருடைய நடிப்பில் ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கதை கிருஷ்ணதேவராயர் காலத்தில் நடக்கிறது. கிராமத்தில் முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும். அவன் நாகராஜு, சிற்பி, என்.டி. ராமாராவ் நடித்தார். அவள் மல்லி. வண்டியில் வரும்போது மழை பிடித்துக்கொள்கிறது. ஒரு பாழ்மண்டபத்தில் ஒதுங்குகிறார்கள். யாரும் இல்லை என்ற நினைப்பில் அவள் பாடி ஆடுகிறாள். மாறுவேடத்தில் நாட்டைச் சுற்றிவரும் ராயர் அதே மண்டபத்தில் ஒதுங்கி அதைப் பார்த்துவிடுகிறார். வந்திருப்பவர் யாரோ பெரிய மனிதர் என்று மட்டும் தெரிந்த நாகராஜு, வேடிக்கைக்காக, ராஜாவிடம் சொல்லி மல்லிக்கு அரண்மனைப் பல்லக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்கிறான். சிரிப்பாகத்தான் சொல்கிறான். பிறகு ஒரு நாள் பல்லக்கு நிஜமாகவே வந்து வாசலில் நிற்கிறது. அரண்மனைக்குள் போனவள் வெளியே வர முடியாது, ஆண் யாராவது அவளைச் சந்தித்தால் தலை போய்விடும்.

இந்தப் படத்தின் முன்பாதியில் பானுமதி ஒரு துடுக்குக்காரக் கிராமத்துப் பெண். முகத்தைச் சுளிப்பார், நாக்கைக் கடிப்பார், அத்தை மகனைச் சீண்டிக்கொண்டே இருப்பார். பல்லக்கு வந்த பிறகு அந்த உடம்பே வேறாகிவிடுகிறது. அரண்மனையில் அவர் நடப்பதைக் கவனியுங்கள். நகை கூடக்கூட நடை குறைகிறது. கண் மட்டும்தான் அலைந்துகொண்டிருக்கும். பெரிய அழுகை எதுவும் இல்லை. வசனத்தை வைத்து நடிப்பை அளக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அதற்கு அடங்காத நடிப்பு அது. படம் சீன மொழி வரிகளோடு பெய்ஜிங் வரை போனது.

1953-இல் 'சண்டிராணி'. இரட்டைச் சகோதரிகளாக இரண்டு வேடம், பாட்டு, தயாரிப்பு, இயக்கம் எல்லாம் அவர். தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் அதை எடுத்தார். பலர் இவரை முதல் பெண் இயக்குநர் என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. நம் டி.பி. ராஜலட்சுமி 1936-இலேயே 'மிஸ் கமலா'வை இயக்கியவர், வடக்கே பாத்மா பேகம் அதற்கும் முன்னால். தெலுங்குக்கு முதல் என்றால் ஒத்துக்கொள்ளலாம். ஆனாலும் இருபத்தெட்டு வயது நிரம்பாத பெண், இரண்டு வேடத்தில் நடித்துக்கொண்டே மூன்று மொழிப் படத்தை மேய்த்தது எத்தனை பெரிய வேலை என்று படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வேலை நடக்கும்போதே இசையமைப்பாளர் சுப்பராமன் சின்ன வயதில் இறந்துபோனார். மிச்சத்தை அவரிடம் உதவியாளராக இருந்த எம்.எஸ். விஸ்வநாதன் முடித்துக்கொடுத்தார்.

இப்போது அந்தச் சண்டைக் கதைகளுக்கு வரலாம்.

விஜயா நிறுவனத்தின் 'மிஸ்ஸம்மா'வில் முதலில் ஒப்பந்தமானவர் பானுமதி. நாலு ரீல் வரைக்கும் எடுத்துமாயிற்று. வரலட்சுமி விரதத்தன்று வீட்டில் பூஜை முடித்துவிட்டுத் தாமதமாக வந்தார். முன்கூட்டியே தயாரிப்பு நிர்வாகிக்குக் கடிதம் எழுதித்தான் இருந்தார். அது தயாரிப்பாளர் சக்ரபாணி கைக்குப் போகவில்லை. மன்னிப்புக் கேள் என்றார் அவர். சொல்லிவிட்டுத்தானே வந்தேன், எதற்குக் கேட்க வேண்டும் என்றார் இவர். எடுத்த நாலு ரீலையும் சக்ரபாணி கொளுத்திவிட்டார். இரண்டாவது நாயகியாக இருந்த சாவித்திரி அந்த இடத்துக்கு வந்தார், சாவித்திரியின் இடத்துக்கு ஜமுனா வந்தார். 1955-இல் படம் வெளிவந்து, தமிழில் 'மிஸ்ஸியம்மா'வாகவும் ஓடி, சாவித்திரி எங்கேயோ போய்விட்டார். இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள், நமக்கு லாபம் சாவித்திரி. பானுமதிக்கு நஷ்டமா? ஒரு நல்ல படம் போயிற்று, அவ்வளவுதான். அதற்கு முந்தைய வருஷமே பரணியிலிருந்து ஒரு நகைச்சுவைப் படம் வந்திருந்தது, இசையும் அவரே. அந்தப் படத்தின் பெயர் 'சக்ரபாணி'! தற்செயலா, குறும்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது 'நாடோடி மன்னன்'. எம்.ஜி.ஆர். தன் சொத்தையெல்லாம் போட்டு, தானே இயக்கி, இரட்டை வேடத்தில் நடித்த படம். எடுத்த காட்சிகளையே திரும்பத் திரும்ப எடுப்பதில் பானுமதிக்குப் பொறுமை போயிற்று. கருத்து வேறுபாடு முற்றி விலகிக்கொண்டார். அவருடைய பாத்திரம் கதை நடுவில் செத்துப்போகும்படி மாற்றினார்கள். பின்பாதி வண்ணத்தில் வந்தபோது புதுமுகமாகச் சரோஜாதேவி வந்து இறங்கினார். 1958-இல் படம் பெரிய வெற்றி. எனக்கு இதில் எம்.ஜி.ஆர். பக்கமும் நியாயம் தெரிகிறது. வீட்டை அடகு வைத்துப் படம் எடுப்பவன் திருப்தி வரும்வரை எடுக்கத்தான் செய்வான். ஆனால் எதிரில் நின்றவரும் சொந்தமாகப் படம் இயக்கியவர், ஃபிலிம் என்ன விலை என்று தெரிந்தவர். ஒரே தளத்தில் இரண்டு முதலாளிகள் என்றால் ஒருவர் வெளியே போகத்தான் வேண்டும்.

பகை என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னால் 'மலைக்கள்ளன்', 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'மதுரை வீரன்', தயாரிப்பாளர் தேவரின் முதல் படமான 'தாய்க்குப் பின் தாரம்' எல்லாம் இந்த ஜோடி கொடுத்தவை. இதற்குப் பின்னாலும் 'ராஜா தேசிங்கு', 'காஞ்சித் தலைவன்', 'கலை அரசி' என்று சேர்ந்து நடித்தார்கள். 'கலை அரசி' பார்க்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். வேற்றுக்கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, கலை இல்லை. அதனால் பறக்கும் தட்டில் பூமிக்கு வந்து, பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூக்கிப் போகப்படுவது பானுமதி! 1963-இல் இப்படி ஒரு கதையை யோசித்தவருக்கு, அந்தப் பெண்ணாக வேறு யாரையும் நினைக்கத் தோன்றியிருக்காது.

1956 அவருக்குத் தமிழில் உச்ச வருஷம். 'மதுரை வீரன்' பொம்மியும், 'அலிபாபா' மர்ஜியானாவும் அந்த வருஷம்தான். 'அலிபாபா' தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. இதே வருஷம் வந்த 'ரங்கோன் ராதா'வைத்தான் நான் இவற்றுக்கெல்லாம் மேலே வைப்பேன். அண்ணாவின் கதை, கலைஞரின் வசனம். மச்சினியின் மேலும் சொத்தின் மேலும் ஆசைப்பட்டு, நல்ல மனைவியைப் பைத்தியம், பேய் பிடித்தவள் என்று ஊரை நம்பவைக்கும் கணவனாகச் சிவாஜி, அந்த மனைவியாக பானுமதி. சிவாஜி நடித்த பொல்லாத வேடங்களில் இது முக்கியமானது. அவர் எதிரில் நின்றால் பலர் காணாமல் போய்விடுவார்கள். இவர் போகவில்லை. நடிப்புக்கு இலக்கணம் வகுத்தவர் என்று அண்ணா இவரைப் பாராட்டியதாகச் சொல்வார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நாட்டியம் அவருக்கு வராது. பத்மினியோடு சேர்ந்து வரும் படங்களில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காதல் காட்சிகளில் சில சமயம், காதலனை விட நாலு வயது மூத்த அக்கா போல நிற்பார். 'அம்பிகாபதி'யில் அமராவதியாக வரும்போது எனக்கு அந்த நெருடல் உண்டு. டி.எம். சௌந்தரராஜனோடு அவர் பாடத் தொடங்கியதும் நெருடல் மறைந்துவிடும் என்பது வேறு விஷயம். சரோஜாதேவி, தேவிகா தலைமுறை வந்ததும் கதாநாயகி வேடங்கள் குறைந்தன. அது எல்லாருக்கும் நடப்பதுதான். இவர் செய்தது, வயதுக்கேற்ற கதையைத் தேடிப்போனது. ஏவிஎம்மின் 'அன்னை' 1962-இல் வந்தது, கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம். தங்கை பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்து, அந்தப் பாசத்தில் மூச்சுமுட்டவைக்கும் ஒரு தாய். எஸ்.வி. ரங்காராவ் கணவர், சௌகார் ஜானகி தங்கை. தாய்ப்பாசத்தைப் புகழ்ந்து நூறு படம் எடுத்திருக்கிறோம். அதே பாசம் ஒரு வியாதியாகவும் ஆகலாம் என்று காட்டிய படங்கள் சில. அந்தப் பாத்திரத்தை நல்லவளாகக் காட்ட அவர் எங்கேயும் கெஞ்சவில்லை. பாத்திரத்தின் மேல் நமக்குக் கோபம் வரட்டும் என்று விட்டுவிட்டார்.

இதற்கிடையில் எழுத்து. 'அத்தகாரி கதலு', அதாவது மாமியார் கதைகள், தெலுங்கு வீடுகளில் இன்றும் வாசித்துச் சிரிக்கும் நகைச்சுவைக் கதைகள். மடி, ஆசாரம், அதிகாரம், சிக்கனம் எல்லாம் கலந்த ஒரு மாமியார். கதையைச் சொல்வது மருமகள். மருமகள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் மாமியாரின் காலை வாரிவிடுவாள். எழுதுபவர் யாரென்று தெரிந்து படித்தால் அதில் இன்னொரு வேடிக்கை. உலகத்தையே எதிர்த்துப் பேசியவர் என்று பெயர் வாங்கியவர், கதையில் தனக்கு எடுத்துக்கொண்டது வாய்திறக்காத மருமகள் வேடம்! 'நாலோ நேனு' என்ற தன்வரலாறு சினிமா நூலுக்கான தேசிய விருது பெற்றது.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, 1985-இல், தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரியின் பொறுப்பு இவருக்கு வந்தது. ஒரு காலத்தில் முசிரி சுப்பிரமணிய ஐயர் முதல்வராக இருந்த நாற்காலி. 'நாடோடி மன்ன'னில் நடந்ததை வைத்துப் பார்த்தால், கொடுத்தவரைப் பற்றியும் அது கொஞ்சம் சொல்கிறது. பானுமதியை அவர் நடிகையாக நினைத்துக் கூப்பிடவில்லை, சங்கீதம் தெரிந்தவர் என்று கூப்பிட்டார். அந்தப் பொறுப்பில் பானுமதி மூன்று வருஷம் இருந்தார். அதற்கு முன்பே, 1984-இல், தெலுங்கில் 'மங்கம்மகாரி மனவடு' அவரை ஓர் அதட்டல் பாட்டியாக மறுபடி ஜனங்களிடம் கொண்டுவந்திருந்தது. நம் பக்கத்தில் 1992-இல் 'செம்பருத்தி'. இளையராஜா இசை, பிரசாந்துக்குப் பாட்டி. அந்த வயதிலும் பாட்டிக்கு வேறு யாரும் பின்னணி பாடவில்லை, அவரே பாடினார்.

1966-இல் பத்மஸ்ரீ, 2001-இல் பத்மபூஷண். தாதா சாகேப் பால்கே விருது வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நடிப்பு, பாட்டு, இசையமைப்பு, எழுத்து, இயக்கம், தயாரிப்பு, ஸ்டுடியோ என்று இத்தனையையும் ஒரே ஆளாகச் செய்தவர்கள் ஆண்களிலேயே எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். 2005 டிசம்பர் 24 அன்று சென்னையில் காலமானார்.

பேச்சு முடிந்ததும் எந்தப் படத்திலிருந்து தொடங்குவது என்று கேட்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் 'ரங்கோன் ராதா', அடுத்து 'மல்லீஸ்வரி', பிறகு 'அன்னை'. தெலுங்கு புரியாதே என்று 'மல்லீஸ்வரி'யைத் தள்ளிவைக்காதீர்கள், மழைக்காட்சி வரைக்குமாவது பாருங்கள், அப்புறம் நிறுத்த மாட்டீர்கள். 'மிஸ்ஸியம்மா'வையும் பார்ப்பீர்கள், பார்க்கும்போது அந்த இடத்தில் பானுமதி இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பீர்கள். நானும் யோசித்திருக்கிறேன். சாவித்திரியே இருக்கட்டும் என்றுதான் படுகிறது.